வாய்மொழிச் செய்தியும் வண்டியேறிய மக்களும்

நம் தமிழிலே 'எம்டன்' என்றொரு சொல் வழங்குகின்றது. சூழ்ச்சித்திறமும் துணிவும் மிக்க ஒருவனைக் குறித்து, 'அவன் சரியான எம்டன்' என்று நம் வீட்டு முதியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். அச்சொல் தமிழுமன்று, வடமொழியுமன்று. ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், கார்ல் பான் முல்லர் என்னும் தலைவனின் கீழ் அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே தோன்றி, பர்மா ஆயில் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகள்மீது நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை எறிந்து தீ மூட்டிவிட்டு, சிறிது நேரத்திற்குள் இருளில் மறைந்தது. உயிரிழந்தோர் ஒரு சிலரே. ஆயினும் மறுநாள் தொடங்கிச் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டுப் பெயரலாயினர். புகைவண்டி நிலையங்களில் நிற்க இடமில்லை. எம்டன் மீண்டும் வரும் என்பதே எங்கும் பேச்சு. எம்டனோ மீண்டும் வரவேயில்லை. அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' என்னும் கப்பலால் அழிக்கப்பட்டது. கப்பல் வந்து நின்றது ஒரு நாழிகைப் பொழுது. அதைப் பற்றிய பேச்சு ஊரை ஆண்டதோ பல வாரங்கள்.

ஊர் கலங்கிய காலத்தே செய்தி யாங்ஙனம் பரவுகின்றது, அதன் மெய்ம்மையை யார், எவ்வாறு ஆராய்ந்தறிந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். மன்னர் பட்டமேறிய ஆண்டும் கோட்டை பிடிபட்ட ஆண்டுமே வரலாறு என்று பள்ளியில் பயின்றோம். மக்கள் எதைக் கேட்டு அஞ்சினர், எதை நம்பி ஓடினர் என்பதும் வரலாறேயாம். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அவ்வரலாறு ஏட்டுச் சுரைக்காயன்று. 1991-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் கண்டதையும், 2000-ஆம் ஆண்டில் கன்னட நாட்டின் பெருநடிகர் ராஜ்குமார் வீரப்பனால் சிறைகொள்ளப்பட்டிருந்த 108 நாட்களில் ஒவ்வொரு மாலையும் நம் தெருக்களில் உலவிய பேச்சுகளையும் நினைவுடையோர் நம்மிடையே பலர் உளர்.

அச்சம் கொண்டோரெல்லாம் அறிவிலிகள் என்று எண்ணிவிடல் ஆகாது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் ஜப்பானியர் கொழும்பு நகரில் குண்டு வீசினர். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் வீசினர். சென்னை அரசினரே, இன்றியமையாப் பணியில்லாதோர் நகரை நீங்குமாறு அறிவித்து, அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினர். நகரம் பெரும்பகுதி வெறிச்சோடிற்று. எதிரிப் படை சென்னைக் கரையில் இறங்கவேயில்லை. அன்று ஓடியவரை நகையாடுவதற்கு நமக்கு என்ன உரிமை? கொழும்பில் விழுந்த குண்டு மெய்யான குண்டு. மெய்யான தீயிலிருந்து எழும் பொய்யான புகையையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதனை முறையாக ஆராய்ந்தோருள் முற்பட்ட ஒருவர் நம் இந்தியரே என்பது பலரும் அறியாதது. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரிலும் நேபாளத்திலும் பெருநிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் பின்னர் மக்களிடையே உலவிய பேச்சுகளை ஜமுனா பிரசாத் என்னும் உளநூல் அறிஞர் தொகுத்து, 1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சி ஏடொன்றில் வெளியிட்டார். கங்கையின் நீர் முழுவதும் மறைந்து, நீராடிக்கொண்டிருந்தோர் மணலிற் புதைந்தனராம். சந்திர கிரகணத்தன்று மீண்டும் பெருநடுக்கம் வருமாம். பிப்ரவரி 26-ஆம் நாள் பிரளயமே நேருமாம். இப்பேச்சுகளைப் படித்த அமெரிக்க அறிஞர் லியான் பெஸ்டிங்கர் ஒரு வினா எழுப்பினார். நடுக்கத்தால் நடுங்கியிருக்கும் மக்கள், தம்மை மேலும் நடுங்கச் செய்யும் கதைகளை ஏன் படைத்துக்கொள்ளல் வேண்டும்? நிலம் அதிர்ந்ததை உணர்ந்தும் அழிவைக் கண்ணாற் காணாத பகுதிகளிலேதான் இவ்வகைப் பேச்சுகள் தொகுக்கப்பட்டன. துர்கானந்த சின்கா என்னும் மற்றோர் இந்திய அறிஞர் டார்ஜிலிங் மலைச்சரிவின் பின்னர்ச் செய்த ஆராய்ச்சியிலோ, இடிபாடுகளின் நடுவே நின்ற மக்களிடம் இவ்வாறு வரப்போகும் பேரழிவைக் கூறும் கதைகள் காணப்படவில்லை. ஆகவே பெஸ்டிங்கர் கண்ட விடை இது: அச்சம் முன்னே வருகின்றது, அவ்வச்சத்துக்குக் காரணம் கற்பிக்கவே கதை பின்னே வருகின்றது. 1957-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கோட்பாட்டின் வித்து இதுவே.

இது நம் வழக்கமான எண்ணத்தைத் தலைகீழாக மாற்றுகின்றது. பொய்யைக் கேட்டு மக்கள் அஞ்சுகின்றனர் என்றே நாம் கூறுகின்றோம். அஞ்சியிருப்பதாலேயே பொய்யைத் தேடிச் சென்று பற்றிக்கொள்கின்றனர் என்பது இவ்வாராய்ச்சி. 'அது பொய்' என்று ஒருவன் ஒலிபெருக்கியில் உரத்துக் கூறிவிட்டால் மட்டும் ஊர் அமைதி பெறாதது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

இனி, நம் இனத்தார் குருதி சிந்திய ஒரு வரலாறு. 1958-ஆம் ஆண்டு மே திங்களில் இலங்கையில் மூண்ட கலவரத்தைப் பற்றித் தார்ஸி வித்தாச்சி என்னும் சிங்களப் பத்திரிகையாசிரியர் அவ்வாண்டிலேயே நூலொன்று எழுதினார். பாணந்துறை என்னும் ஊரிலே அந்நாட்களில் ஒரு செய்தி பரவிற்று. அவ்வூரைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருத்தி மட்டக்களப்பிலே பணிபுரிந்தாள் என்றும், அவளைத் தமிழர் எழுதவும் கூசும் வகையிற் சிதைத்துக் கொன்றனர் என்றும், அவளுடல் பாணந்துறைக்கு வருகின்றது என்றும் கூறினர். கூட்டம் திரண்டது, அவ்வூர்க் கோயிலைத் தாக்கிற்று, கோயிற் குருக்கள் உயிரோடு எரிக்கப்பட்டார். பின்னர்க் கல்வித் துறையின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் மட்டக்களப்பிலே பணியில் இல்லை என்பது வெளியாயிற்று. கொலை நடவாதது மட்டுமன்று. கொல்லப்பட்டதாகக் கூறப்பட்டவளே இல்லை!

அலுவலகத்தில் ஏடு புரட்டியே வயிறு வளர்க்கும் என் போன்றோரை இவ்வொரு செய்தி உறங்கவிடாது. ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியல் ஓர் அலமாரியில் இருந்தது. அதனைத் திறந்து பார்க்க எத்துணை நேரம் பிடித்திருக்கும்? ஆனால் அந்த அலமாரி ஒரு நகரத்தில் இருந்தது. கூட்டம் வேறு நகரத்தில் நின்றது. பட்டியல் பேசியபோது குருக்கள் உயிரோடில்லை. மெய்ம்மை கால்நடையாக வருவதும் பொய்ம்மை வண்டியேறி வருவதும் அன்றும் இன்றும் ஒரு தன்மையவே.

அவ்வாண்டு மே 26-ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்கா வானொலியில் பேசியபோது, மட்டக்களப்பு மாவட்டத்தில் செனவிரத்தின என்பவர் கொலையுண்டதை எடுத்துக்காட்டி அதனையே கலவரத்தின் தோற்றுவாய் போலக் கூறிவிட்டார். அதற்கு முன்னரே பொலன்னறுவையில் தமிழர் தாக்கப்பட்டிருந்தனர். இதனை வித்தாச்சி கடிந்துரைக்கின்றார். உயர்ந்த இடத்திலிருந்து வரும் செய்தியும் ஆராயப்படவேண்டிய செய்தியே. 1983-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், கொழும்பிலே புலிகள் புகுந்துவிட்டனர் என்று ஒரு பேச்சு எழுந்து, அடங்கிவந்த கொலைவெறியை மீண்டும் மூட்டியதையும் ஈண்டுக் குறித்து அமைகின்றேன். விரித்துரைக்க உள்ளம் ஒப்பவில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சிலப்பதிகாரம் முழுவதுமே ஆராயாது கொண்ட ஒரு சொல்லின் விளைவன்றோ? பொற்கொல்லன் கூறிய பொய்யிலே மெய்யின் சாயல் இருந்தது: அரசியின் சிலம்பு காணாமற் போனது மெய், கோவலன் கையில் சிலம்பு இருந்ததும் மெய். இரண்டு மெய்களை ஒரு பொய் நூலால் கோத்துக் கொடுத்தான். பாண்டியன் சிலம்பை உடைத்துப் பாராமலே ஆணையிட்டான். உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்க்கும் அந்த ஒரு செயல், கண்ணகி வந்த பின்னரே நிகழ்ந்தது. வள்ளுவரோ ஒற்றாடல் என்னும் அதிகாரத்திலே அரசனுக்கு முறையே வகுத்துக் கொடுத்துவிட்டார். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒத்துப் பார்த்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒன்றுபட்டால் மட்டுமே அதனைத் தெளிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஒருவரையொருவர் அறியாத என்னும் பகுதியை அன்பர்கள் ஊன்றி நோக்குக. இன்று நம் கைப்பேசிக்கு ஒரே செய்தி மாமன் அனுப்புகின்றார், மைத்துனர் அனுப்புகின்றார், அலுவலகத் தோழர் அனுப்புகின்றார். நூறு பேர் கூறுகின்றனரே, பொய்யாகுமா என்று எண்ணுகின்றோம். நூறு பேரும் ஒருவனிடமிருந்து பெற்று ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டது அது. அனுப்பியோர் நூறு, சாட்சி ஒன்றே, சில வேளை அதுவுமில்லை.

இனி நம் பெங்களூரில் நிகழ்ந்ததற்கு வருவோம். இக்கட்டுரை எழுதத் தூண்டியது அதுவே.

2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அஸ்ஸாம் மாநிலத்தின் கோக்ரஜார், சிராங், துப்ரி முதலிய மாவட்டங்களில் போடோ மக்களுக்கும் வங்காளம் பேசும் முஸ்லிம் மக்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. பல்லோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தங்கினர். ஆகஸ்டு 11-ஆம் நாள் மும்பை ஆசாத் மைதானத்தில் இதன் பொருட்டுக் கூடிய கண்டனக் கூட்டம் வன்முறையில் முடிந்து இருவர் உயிரிழந்தனர். புனே நகரிலே வடகிழக்கு மாநிலத்தார் சிலர் தாக்கப்பட்டனர்; மைசூரிலே திபெத்திய இளைஞர் ஒருவர் குத்துண்டார். இவையெல்லாம் மெய். இவற்றின்மீதே பொய்ம்மாளிகை எழுந்தது. ரம்ஜான் பண்டிகைக்குள் வடகிழக்கு மாநிலத்தார் பெங்களூரை விட்டு நீங்காவிடின் தாக்கப்படுவர் என்று குறுஞ்செய்திகள் பரவின. இன்ன பேட்டையில் இன்னாரைக் கொன்றுவிட்டனர் என்று ஊர், பேர் இன்றி வாய்ச்சொற்கள் பரவின. அவ்வாண்டு பண்டிகை ஆகஸ்டு 20-ஆம் நாள் வந்தது.

இந்நகரில் அன்று வடகிழக்கு மக்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. உணவு விடுதிகளில் பரிமாறுவோர், கட்டிடங்களுக்குக் காவல் நிற்போர், அழகு நிலையங்களில் பணிபுரியும் பெண்கள், கல்லூரி மாணவர். கன்னடம் அறியார், ஆங்கிலமும் பலர் நன்கறியார், உள்ளூர் நாளேடு படியார். கைப்பேசியில் தம் ஊரார் அனுப்பும் சொல்லே அவர்களுக்கு நாளேடு. இன்று நாம் மூன்று தலைமுறையாக இந்நகரில் வேரூன்றி, கன்னடமும் தமிழும் கலந்து பேசி, அண்டை வீட்டாருடன் உறவு போல் வாழ்கின்றோம். அவர்களுக்கு வாய்க்காதது அந்த அண்டை வீட்டாரே. 'அப்படி ஒன்றுமில்லையப்பா, நான் இப்போதுதான் அத்தெரு வழியே வந்தேன்' என்று கூற ஒருவர் அவர்களுக்கு இல்லை.

ஆகஸ்டு 15, நாட்டின் விடுதலைத் திருநாள். அன்று மாலை பெங்களூர் நகர நிலையத்தில் (அந்நிலையம் பின்னர்க் கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா பெயரைப் பெற்றது) குவாஹாத்திக்குப் பயணச்சீட்டு கேட்டு வந்தோர் வரிசை நீண்டுகொண்டே சென்றது. அன்றிரவு மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வண்டியேறினர். வழக்கமான வண்டி போதாமல் ஸ்பெஷல் வண்டிகள் விடப்பட்டன. பின்வந்த நாட்களிலும் அவ்வாறே. சில நாட்களுக்குள் பெங்களூரிலிருந்து மட்டும் ஏறத்தாழ 30,000 பேர் நீங்கினர். சென்னை, புனே, ஹைதராபாத் நகரங்களிலிருந்தும் சென்றனர். பெங்களூரிலிருந்து குவாஹாத்தி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்; இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட பயணம். முன்பதிவில்லாப் பெட்டியில், கழிவறை வாயிலிலும் மனிதர் அமர்ந்திருக்க, குடிநீருக்கு ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கியேறிச் செய்யும் அப்பயணத்தை அத்தொழிலில் இருப்போர் நன்கறிவர். காட்பாடி வழிச் செல்லும் வண்டிகள் நம் ஜீவனஹள்ளிக்கு அருகிலுள்ள பெங்களூர் கிழக்கு நிலையத்தைக் கடந்தே செல்லல் வேண்டும். தண்டவாளத்துக்கு இப்பால் நாம் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்த இரவில், அப்பால் ஒரு கூட்டம் உயிருக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இருப்புப்பாதைத் துறையில் கணக்கெழுதும் எளியேனுக்கு இது நெடுநாள் உறுத்திய வினா. ஸ்பெஷல் வண்டி விட்டது சரியா, தவறா? 'குவாஹாத்தி செல்லும் ஸ்பெஷல் வண்டி' என்று ஒலிபெருக்கியில் அறிவிக்குங்கால், ஐயத்தோடு நின்றவனும், 'அரசாங்கமே தனி வண்டி விடுகின்றதே, செய்தி மெய்தான் போலும்' என்று முடிவு செய்துவிடுவான் அல்லவா? அவ்வாறு கூறிய திறனாய்வாளர் அன்று சிலர் இருந்தனர். ஆயினும் நடைமேடையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்குண்டு நிற்கையில் வண்டி விடாதிருந்தால், பொய்ச்செய்தி சொன்ன சாவு மெய்யாகவே நடைமேடையில் நேர்ந்திருக்கும். விட்டதே சரி என்பது என் துணிபு. சில வேளைகளில் பொய்யை மறுப்பதினும் அஞ்சினவனைக் காப்பதே முற்படவேண்டிய கடமையாகின்றது.

அரசினர் வாளாவிருக்கவில்லை. உள்துறை அமைச்சர் ஆர். அசோக் நிலையத்துக்கே சென்று, போகவேண்டா என்று மக்களை வேண்டினார். முதலமைச்சர் ஜகதீஷ் ஷெட்டர் உறுதி கூறினார். பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் பேசினார். பல சமயத்துப் பெரியோரும் வடகிழக்கு மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சென்று ஆறுதல் கூறினர். அந்நாளில் கர்நாடக மாநிலக் காவல்துறையின் தலைவர் லால்ரோகுமா பச்சாவ், மிசோரம் மாநிலத்தவர். அஞ்சியோடும் மக்களின் மண்ணிற் பிறந்தவரே அவர்களைக் காக்கும் படையின் தலைவர்! அஸ்ஸாம் அரசும் தன் அமைச்சர்களை இங்கு அனுப்பிற்று. என்றாலும் முதல் நாட்களில் எச்சொல்லும் எடுபடவில்லை. ஊரிலிருந்து தாய் அழைத்து, 'உடனே புறப்படு' என்று அழுதால், அமைச்சர் சொல் யார் காதில் ஏறும்? துயரம் என்னவெனில், பெங்களூரில் வடகிழக்கு மக்கள்மீது படுகொலை எதுவும் நிகழவில்லை. ஆனால் ஓடிய மக்களுள் சிலர், ஆகஸ்டு 18-ஆம் நாளை ஒட்டி, மேற்கு வங்கத்தின் வடபகுதியில் ஓடும் வண்டியிலிருந்து தள்ளப்பட்டு உயிரிழந்தனர். அடைக்கலம் தேடிச் சென்ற வண்டியே அவர்களுக்கு ஆபத்தாயிற்று.

ஆகஸ்டு 17-ஆம் நாள் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பதினைந்து நாட்களுக்கு ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பலாகாது. பின்னர் அது இருபதாகத் தளர்த்தப்பட்டது. இணையத்திலும் முந்நூறளவு பக்கங்களும் படங்களும் முடக்கப்பட்டன. அவற்றை ஆராய்ந்த பெங்களூர் 'சென்டர் பார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி' என்னும் நிலையம், முடக்கப்பட்டவற்றுள் பொய்யை மறுத்து எழுதப்பட்டவையும் இருந்தன என்று கண்டு கூறிற்று. களை பறிக்கப் புகுந்தவன் பயிரையும் பறித்த கதை இது. அப்படங்கள்தாம் எவை? பிணக்குவியலின் நடுவே பௌத்தத் துறவியர் நிற்கும் படம் ஒன்று, பர்மாவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதற்குச் சான்றாகப் பரப்பப்பட்டது. உண்மையில் அது 2010-ஆம் ஆண்டில் சீனாவின் யூஷு பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் மாண்டோருக்குத் திபெத்தியத் துறவியர் ஈமக்கடன் செய்யும் படம். அருளின் படத்தைக் கொலையின் படமாக மாற்றுவதற்கு ஒரு கோடும் திருத்தப்படவில்லை. அடியில் எழுதிய வரி ஒன்றே மாற்றப்பட்டது. படங்கள் பல பாகிஸ்தானத்திலிருந்து ஏற்றப்பட்டன என்று நம் உள்துறைச் செயலர் ஆர். கே. சிங் அறிவித்தார். அதே பாகிஸ்தானத்தின் நாளேடொன்றின் இணையப் பக்கத்தில், அந்நாட்டவர் ஒருவரே ஜூலைத் திங்களில் இப்படங்கள் பொய் என்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டியிருந்தார் என்பதையும் சேர்த்துக் கூறுதலே நடுவுநிலைமை.

ஆகஸ்டு 20 வந்தது; பண்டிகை அமைதியாக நடந்தது. அதன் பின்னர்ச் சென்றவர் பலர் சிறிது சிறிதாகத் திரும்பலாயினர்.

நான்கு ஆண்டுகளுக்குப்பின், 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், அச்சம் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றது. காவிரி நீர் குறித்த உச்சநீதிமன்ற ஆணையை ஒட்டி எழுந்த அக்கலவரத்தில் ஒரே நிறுத்துமிடத்தில் தமிழகப் பேருந்துகள் நாற்பதுக்கு மேற்பட்டவை எரிக்கப்பட்டதையும், பதினாறு காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டதையும் நம் சிறுவரும் அறிவர். இதில் நான் குறிக்க விரும்புவது வேறொன்று. அன்று பரவிய படங்கள் அனைத்தும் பொய்யல்ல. பெங்களூரில் தமிழ் மாணவன் ஒருவனைச் சிலர் அடித்த காட்சி மெய். இராமேசுவரத்தில் கர்நாடகத்து ஓட்டுநர் ஒருவர் அடியுண்ட காட்சியும் மெய். ஆனால் அவ்விரு காட்சிகளையும் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. நூறு முறை காட்டப்பட்ட ஓர் அடி, பார்ப்பவன் கண்ணுக்கு நூறு பேர் பட்ட அடியாகின்றது. பொய்ப்படத்தைப் பொய் என்று கூறிவிடலாம்; மெய்ப்படம் கூறும் பொய்யை எவ்வாறு மறுப்பது? இதற்கு எனக்குத் தெரிந்த விடை, அது ஒன்றே என்று எண்ணிச் சொல்லுதல்தான்.

பெயர் மயக்கமும் ஓர் ஊரைக் கலக்கும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் இரவு, முகநூற் பதிவொன்றை ஒட்டி தேவர ஜீவனஹள்ளி, காடுகொண்டனஹள்ளிப் பகுதிகளில் கலவரம் மூண்டு காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. தேவர ஜீவனஹள்ளி வேறு, நம் ஜீவனஹள்ளி வேறு என்பது நமக்குத் தெரியும். வேலூரிலும் திருப்பத்தூரிலும் இருக்கும் நம் சுற்றத்தாருக்குத் தெரியுமா? என் இல்லத்துக்கு நள்ளிரவிலேயே அழைப்பு வந்தது. சன்னலைத் திறந்து பார்த்து, தெருவில் நாய் ஒன்று உறங்குவதைத் தவிர வேறொன்றுமில்லை என்று கூறிய பின்னரே மறுமுனையில் அழுகை நின்றது.

பிள்ளை பிடிப்போர் பற்றிய செய்தி 2018-ஆம் ஆண்டில் செய்த கொடுமையைச் சுருங்கக் கூறுவேன். மே 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்து மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் பிள்ளை பிடிப்பவள் என்று கருதி அடித்தே கொன்றனர். அதே திங்கள் 23-ஆம் நாள் நம் நகரின் சாமராஜபேட்டையில் இராஜஸ்தானத்து இளைஞர் ஒருவர் அவ்வாறே மாண்டார். மோட்டார் சைக்கிளில் வருவோர் குழந்தையைத் தூக்கிச் செல்வதாக அன்று எங்கும் உலவிய காட்சி கராச்சி நகரில் எடுக்கப்பட்டது. குழந்தைகளைக் காக்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தும் நடிப்புப் படம் அது. தூக்கிச் சென்றவன் குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு அறிவுரைப் பலகையைக் காட்டும் இறுதிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனத்தார், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் தள்ள இயலாதவாறு வரம்பு வைத்தனர். 2012-ஆம் ஆண்டு அரசு வைத்த எண்ணும் ஐந்தே.

பொய்யை மறுப்பதற்கென அமைப்பு வைப்பது புதிதன்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகர நாளேடொன்று 'வதந்தி மருத்துவமனை' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு பகுதியே நடத்திற்று. உலவும் பேச்சை அச்சிட்டு, அடியில் மெய்யையும் அச்சிட்டது. இன்று நம் நாட்டில் ஆல்ட் நியூஸ், பூம், தமிழில் யூடர்ன் போன்றோர் அப்பணி செய்கின்றனர். அரசே இதனைச் செய்யலாமா என்பதில் வழக்கு எழுந்து, மத்திய அரசு தன் செயல்களைப் பற்றிய செய்திகளைத் தானே பொய் என்று தீர்மானிக்கும் விதியை 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. ஒற்றனும் அரசனும் ஒருவராயின் ஒத்துப் பார்ப்பது யார்?

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிலைமை மாறிற்று. இம்முறை அஞ்சியவர் பீகார்த் தொழிலாளர். அஞ்சப்பட்ட நாடு நம் தமிழ்நாடு. திருப்பூரிலும் கோவையிலும் பீகாரிகளைத் தமிழர் கொல்கின்றனர் என்று காட்சிகள் வட இந்தியா முழுவதும் பரவின. காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வெளிப்பட விளக்கினார்: ஒரு காட்சி திருப்பூரில் பீகார்த் தொழிலாளரே இரு குழுவாகப் பிரிந்து பூசலிட்டது, மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவரிடையே நேர்ந்தது. உலவிய வேறொன்று இராஜஸ்தானத்து ஜோத்பூரில் நிகழ்ந்த கொலையின் படம். ஆயினும் நிலையங்களில் கூட்டம் குறையவில்லை. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் செல்வோரும் அக்கூட்டத்தில் கலந்திருந்தமையால், படம் எடுத்தோர்க்கு எல்லோரும் ஓடுவோராகவே தோன்றினர். முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பீகார் முதலமைச்சர் நிதீஷ் குமாருடன் தொலைபேசியில் பேசினார். பீகார் அரசு தன் அதிகாரிகளையே அனுப்பிற்று. அவர்கள் திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் தொழிலாளரைத் தாமே கண்டு, தம் மொழியில் வினவி, பரவியவை பொய் என்று தம் மாநிலத்துக்குத் தெரிவித்தனர். ஜார்க்கண்ட் குழுவும் வந்தது. வள்ளுவர் கூறிய இரண்டாம் ஒற்றன், மூன்றாம் ஒற்றன் இவர்களே எனலாம். தமிழ்நாட்டு அரசின் சொல்லை மட்டும் பீகார்த் தாய் நம்பியிருக்கமாட்டாள்.

தொழிற்சாலை வாயில்களுக்கு மாவட்ட அதிகாரிகளும் காவலரும் நேரிற் சென்றனர். உதவிக்கு அழைக்கத் தொலைபேசி எண்கள் அறிவிக்கப்பட்டன. 1938-ஆம் ஆண்டிலும் 1965-ஆம் ஆண்டிலும் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய தமிழ்நாட்டிலே, திருப்பூர்ப் பனியன் கம்பெனி வாயிலில் நின்று காவல்துறையினர் அத்தொழிலாளருக்கு இந்தியிலேயே ஆறுதல் கூறினர்.